கற்பூரப் பழி

படகில் ஏறும்போதே அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, கோயிலுக்கா போறோம்?" என்று அண்ணன் சிரித்தான்.

அப்பா வெறுங்காலோடு போய்ப் படகின் முன்பலகையில் உட்கார்ந்தார். டோகாவிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்த அண்ணன் ஜெயகாந்தன், எங்கள் மூன்று பேருக்கும் கடலைக் காட்டாமல் திரும்பிப் போவதில்லை என்று பிடிவாதமாக இருந்தான். டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு அம்மா அதுவரை போன மிகத் தூரமான இடம் கண்டி ஆஸ்பத்திரி.

அவன் பிடித்திருந்த ஹோட்டல் தெற்குக் கரையில், ஆறு கடலைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால், தென்னை மரங்களுக்குள் ஒளிந்து கிடந்தது. மொத்தம் ஆறு அறைகள். ரோட்டு வழி கிடையாது. படகுதான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு படுத்திருந்தது. அதற்கு அப்பால் அலைகள் எழுவதும் விழுவதும் தெரிந்தன.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "எம்புட்டுத் தண்ணி," என்றாள் கடைசியில். "ஒரு கொழுந்து இல்ல."

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஹோட்டல் விறாந்தையிலிருந்து வேறு ஒரு சிரிப்புக் கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டு, ஹா ஹா என்று மூன்று தடவை. அம்மாவின் கை என் மணிக்கட்டை வந்து பிடித்தது. அந்தக் கை தேயிலைச் செடிக்கு மேல் நாற்பது வருடம் ஓடிய கை. எனக்கு வலித்தது.

"கண்டாக்கய்யா," என்றாள் அம்மா.

துரைராசா பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவியும் மகளும். எங்கள் டிவிஷனில் முப்பத்திரண்டு வருடம் கண்டாக்காக இருந்தவர். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று, யார் எந்த மலைக்குப் போவது என்று விரலை நீட்டிப் பிரித்து அனுப்பும் உத்தியோகம். பென்ஷன் வாங்கிக்கொண்டு போய் எட்டு வருடம் ஆகிறது. எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் பட்டுப் புடவையைப் பார்த்தார். முகங்களைப் பார்க்கவில்லை. மழைக்காலமானதால் ஹோட்டலில் வேறு ஆட்களே இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது என் அக்கா நிஷாந்தி செத்துப்போனாள்.

செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுபடியும் முதல் கொழுந்து எடுக்கப்போகும் நாளில், மலையடிவாரத்தில் ஒரு கல்லை நிறுத்தி, அதற்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் பெண்கள் செடிக்குள் இறங்குவார்கள். கூட்டத்தில் மூத்தவள் கொளுத்துவது வழக்கம். அந்த வருடம் அந்த முறை அம்மாவுக்கு வந்தது. அவளுக்கு அதில் பெருமை. குளித்துவிட்டு, இடுப்பில் புதுப் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு போய், ஏழாம் நம்பர் மலையில் கற்பூரம் கொளுத்தினாள். ஒரு மணி நேரம் கழித்து மலை உச்சியில் குளவி கலைந்தது. பதினான்கு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அக்காவும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று காம்பிரா தள்ளியிருந்த ஜீவராணியின் மூத்த மகளும் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

விசாரணையில் துரைராசா ஒரே ஒரு காரணம் சொன்னார். கற்பூரப் புகையில்தான் கூடு கலைந்தது.

தோட்டம் அதை நம்பியது. ஜீவராணி நம்பினாள். பீலியில் தண்ணீர் பிடிக்க அம்மா போனால், அவள் பாதி வாளியோடு எழுந்து போய்விடுவாள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியது அம்மாதான். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு அப்பாதான் விளக்கேற்றுகிறார். அம்மா நெருப்புப்பெட்டியை அடுப்புக்கு மட்டும் தொடுவாள்.

அறைக்குப் போனதும் அப்பா பையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "போயிருவோம். வேற எடம் பாத்துக்குவோம். அந்தாளு மொகத்துல முழிக்க வேணாம்."

"நம்ம ஏம்ப்பா போகணும்?" என்றான் அண்ணன். "அவரு போகட்டும்."

அம்மா கண்ணாடி முன் நின்று கொண்டையைச் சரிசெய்தாள். "பசிக்குது," என்றாள். "சாப்புடப் போவோம்."

கூரை ஒழுகியதால் ஒரே ஒரு நீள மேசையில்தான் சாப்பாடு போட்டிருந்தார்கள். அம்மா துரைராசாவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் முன்னால் பியர் போத்தல் இருந்தது. நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"தம்பி ஆக்கள் எந்தப் பக்கம்?"

"ஹட்டன்," என்றான் அண்ணன்.

"டவுணோ?"

அண்ணன் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்: "டவுனுதாங்க ஐயா. சின்னதா ஒரு புடவைக் கட."

என் அம்மா பொய் சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். துரைராசா சந்தேகப்படவே இல்லை. லயத்துச் சனம் பட்டு உடுத்திக்கொண்டு, ஹோட்டல் மேசையில், தனக்கு எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிடக்கூடும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

"அட, நானும் உங்கட பக்கம்தான் முப்பத்திரண்டு வருசம் குப்பை கொட்டினனான். தோட்டத்தில கண்டாக்கு. ஆயிரம் சனத்தை வைச்சு மேய்ச்சனான்."

"அப்பா, மேய்ச்சனான் எண்டு சொல்லாதைங்கோ," என்றாள் மகள் லோஜனா. அவள் கனடாவிலிருந்து வந்திருந்தாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ படிச்சதே அதிலதான்."

அம்மா மீன் துண்டொன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "சாப்புடுங்க ஐயா. தோட்டத்துல குளவி கொட்டி ஆளு சாகுதுன்னு கடைக்கு வர்றவங்க சொல்லுவாங்க. நெசந்தாங்களா?"

அப்பாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"ஓ, அதை ஏன் கேக்கிறியள்!" துரைராசா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒருக்கா எனக்கு வேலையே போகப் பாத்தது. ஏழாம் நம்பர் மலை. உச்சியில ஒரு சவுக்கு மரம். காவல்காரன் முதல் நாள் பின்னேரமே வந்து சொன்னவன், ஐயா, பெரிய கூடொண்டு கட்டியிருக்கு, ரெண்டு நாளைக்கு ஆக்களை விடாதைங்கோ எண்டு. திங்கட்கிழமை கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் வருகினம். கொழுந்து முத்திக் கிடந்தா ஆருக்குப் பேச்சு? எனக்கு! போங்கோ எண்டு அனுப்பிப்போட்டன்."

"அனுப்பிட்டீங்க."

"அனுப்பினன். கலைஞ்சிட்டுது. ரெண்டு பேர் சரி, செத்துப்போச்சுதுகள். விசாரணை. அப்பத்தான் பாத்தன், அதுகள் கீழ ரோட்டடியில ஒரு கல்லுக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு ஏறியிருக்குதுகள். பிடிச்சன் அதை! புகையால கலைஞ்சது எண்டு எழுதிக் குடுத்தன். காவல்காரனை அடுத்த கிழமையே வேற டிவிஷனுக்கு மாத்தினன்."

"அப்ப கற்பூரம் காரணம் இல்லீங்களா?"

"கல்லு மலையடியில. மரம் உச்சியில. காத்தும் மற்றப் பக்கம்." செருமிவிட்டு, ஹா ஹா என்று மூன்று தடவை சிரித்தார். "ஒருத்தரும் மறுத்துக் கதைக்கேல்லை. சாமி விசயம் எண்டா அதுகள் பழியைத் தங்கட தலையிலயே தூக்கி வைச்சிருக்குங்கள்."

"சாப்பிடேக்க என்ன கதை இது?" என்று அவர் மனைவி செல்வமலர் கடிந்துகொண்டாள். லோஜனா சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளாஸை மெதுவாக வைத்தாள்.

போனை எடுத்துப் பதிவு செய்யலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அம்மா தட்டிலிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அறையில் அண்ணன் சுவரைக் குத்தினான். "நான் போயி அந்தாள் பல்லத் தட்டிட்டு வர்றேன்."

"தட்டுனா தட்டுனவனத்தான் புடிப்பாங்க," என்றாள் அம்மா. கட்டிலில் உட்கார்ந்து, தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவருடைய பொருளை இத்தனை நாள் தவறுதலாக வைத்திருந்தவள் மாதிரி. "காத்து மத்தப் பக்கமாம்," என்றாள்.

அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஆற்றங்கரைக்கு வந்தேன். தண்ணீர் நிறம் மாறியிருந்தது. எங்கள் ஊர்த் தேத்தண்ணியின் நிறம். படகுக்காரர் எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நங்கி, இன்றைக்கு மணல் திட்டுக்கு யாரும் போகக்கூடாது," என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி. "மேலே மலையில் நல்ல மழை. ஒன்பது மணிக்குள் ஆறு திட்டை வெட்டிவிடும். உன் ஆட்களிடமும் அந்தப் பெரியவரிடமும் சொல்லிவிடு. எனக்கு இதைப் பூட்டவேண்டிய வேலை இருக்கிறது."

சொல்கிறேன் என்றேன். அவர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார்.

எட்டரை மணிக்குத் துரைராசா வந்தார். தோளில் துவாய். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. பெரட்டுக்களத்தில் அப்படித்தான் நடப்பார். கரைக்கும் திட்டுக்கும் இடையில் அப்போது கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது.

"என்ன பிள்ளை, தனிய நிக்கிறாய்? அங்கால போய்க் கடலைப் பாக்கலாமோ?"

நான் அவருடைய கண்களைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுமே இல்லை. என் அக்கா இல்லை, அம்மா இல்லை, நானும் இல்லை.

"போகலாங்க," என்றேன். "ஒண்ணும் பயமில்ல. போங்க."

போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, திட்டில் ஏறி, கடல் பக்கமாக நடந்தார். நான் ஒரு தென்னங்குற்றியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு சாதாரணமாக அடித்தது. அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன். காவல்காரன் வந்து சொன்ன சேதி அவரிடம் இருந்ததுபோல, படகுக்காரர் சொல்லிய சேதி என்னிடம் இருந்தது. திட்டின் நடுவில் தண்ணீர் முதலில் ஒரு நூல் மாதிரி ஓடியது. பிறகு புடவை அகலம். பிறகு மணல் துண்டு துண்டாக உடைந்து விழும் சத்தம் கேட்டது.

"என்ன பாக்குற, பாப்பா?" அம்மா பின்னால் நின்றாள்.

நான் கையைக் காட்டினேன். சின்ன உருவமாகத் துரைராசா தெரிந்தார். எங்கள் பக்கம் திரும்பி, வந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றேன். "திட்டு ஒடையும்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அணைப்பாள் என்றும் கொஞ்சம் நினைத்தேன். அவள் என் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள்.

"மடச்சி! அந்தாளு செத்துப்போனா அந்தக் கதைய யாரு சொல்றது? நீ சொன்னா தோட்டம் நம்புமா? நான் சொன்னா நம்புமா?"

அவள் சமையலறைப் பக்கம் ஓடினாள். எனக்குத் தெரிந்து அம்மா ஓடியதில்லை. மலையில் ஓடினால் விழுந்துவிடுவோம் என்பாள். படகுக்காரர் எஞ்சினோடு வந்தார். படகு கிளம்பும்போது அம்மாவும் ஏறினாள். என்னையும் இழுத்துப் போட்டாள்.

"சுலக்ஷனாவுக்கு எடு," என்றாள். சுலக்ஷனா ஜீவராணியின் இளைய மகள், என் வகுப்புத் தோழி. இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் நாங்கள் போனில் பேசிக்கொள்வது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. "அவ அம்மாகிட்ட குடுக்கச் சொல்லு. வச்சுறாம இருக்கச் சொல்லு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துரைராசா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். காலுக்கடியில் மணல் நழுவிக்கொண்டிருந்தது. படகின் விளிம்பை எட்டிப் பிடித்தார். அவர் ஏறவேண்டிய இடத்தில் அம்மா உட்கார்ந்து, அவர் விரல்களின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"என்னைய தெரியுதுங்களா ஐயா?"

"தூக்குங்கோ! கால் நிக்குதில்லை!"

"தெரியுதான்னு கேட்டேன்."

"கடைக்கார அம்மா... தூக்குங்கோ எண்டு சொல்லுறன்!"

"செக்ரோல் நம்பர் நூத்தி முப்பத்தாறு. ராக்காயி. கற்பூரம் கொளுத்துனவ."

அவர் வாய் திறந்தபடி நின்றது. பெயரோ முகமோ அவரிடம் தங்கியிருக்கவில்லை. சம்பளப் பேரேட்டு நம்பர் தங்கியிருந்தது.

பின்னால் படகுக்காரர் கத்தினார், "அம்மே, ஏற்றுங்கள்! படகு நிற்காது!" அம்மா திரும்பிப் பார்க்காமலே தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். நான் போனை நீட்டினேன். ஸ்பீக்கரில் எங்கோ ஒரு டிவி ஓடும் சத்தமும், ஒருவர் மூச்சு விடும் சத்தமும் கேட்டன.

"ஜீவராணி கேக்குறா," என்றாள் அம்மா. "ரெண்டாவது புள்ளயோட அம்மா. நேத்துச் சாப்புடும்போது சொன்னீங்களே. அதையே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

அவர் சொன்னார். பல் கிட்டிக்கொண்டு, வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. காவல்காரன் முதல் நாளே சொன்னவன். நான்தான் அனுப்பினன். கற்பூரம் இல்லை. பொய்யா எழுதினனான்.

போனில் டிவி சத்தம் நின்றது. யாரோ அதை அணைத்திருக்கவேண்டும்.

"அக்கா," என்றாள் ஜீவராணி. பதினோரு வருடத்தில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் சொல். "இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. எனக்குச் சரியா வெளங்கல."

நன்றாக விளங்கியிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. இரண்டாம் தடவை தெளிவாகச் சொன்னார். அதன் பிறகுதான் அம்மா கையை எடுத்தாள். படகுக்காரர் அவரை அக்குளில் பிடித்து இழுத்துப் போட்டார். அம்மா உதவி செய்யவில்லை. தன் சால்வையைக் கொடுக்கவும் இல்லை. தோளில் இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"நங்கி, நான் சொன்னதை நீ இவரிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"இல்லை," என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

அன்றைக்குத் துரைராசா ஊருக்குப் போகவேண்டும் என்று நின்றார். ஆறு இருக்கும் இருப்பில் இரண்டு நாளைக்கு அக்கரைக்குப் படகு விடமுடியாது என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவும் எங்கள் அறையைச் சாத்தப் பார்த்தார். மத்தியானம் மணி அடித்ததும் அம்மா போய் நேற்றைய அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு மேசைதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் செல்வமலர் கணவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நேரே அம்மாவிடம் வந்து கும்பிட்டாள்.

"நீங்கள் இல்லாட்டி இந்த மனுசன் போயிருக்கும், அம்மா. எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை."

துரைராசா என்னை நோக்கி விரலை நீட்டினார். பெரட்டுக்களத்தில் நீட்டிய அதே மாதிரி. "என்னத்துக்கு நன்றி? இந்தப் பெட்டைதான் என்னைப் போகச் சொன்னவள்! தெரிஞ்சுகொண்டே அனுப்பினவள்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க," என்றேன். "தெரிஞ்சுதான் அனுப்புனேன்."

செல்வமலர் கும்பிட்ட கையைப் பிரிக்க மறந்து நின்றாள். "ஏன்?" என்று கேட்டாள் லோஜனா.

"அத உங்கப்பாகிட்ட கேளுங்க, பாப்பா," என்றாள் அம்மா. பருப்புக்கறிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குள்ள வைச்சு வெருட்டிச் சொல்ல வைச்சவை," என்றார் துரைராசா மகளிடம். "அது செல்லாது. ஒரு இடத்திலயும் செல்லாது."

"சரிங்க," என்றாள் அம்மா. "இப்பதான் தண்ணி இல்லையே."

லோஜனாவின் முகம் மெல்ல மாறியது. அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவிடம் திரும்பினாள். "நேற்று நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள், அப்பா. அப்ப உங்களை ஆரும் வெருட்டேல்லை. நானும் அம்மாவும் கேட்டனாங்கள்." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவள் போகவில்லை. நின்றபடியே கேட்டாள்: "அந்த ரெண்டு பேரில ஒரு ஆள் இவையின்ர பிள்ளையோ?"

அவர் பதில் சொல்லுமுன் மேசையில் என் போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். அம்மா அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"யாரு? மேல் லயமா? ஆமா, நான்தான்... ஜீவராணி சொன்னாளா? எல்லாரும் வந்து நிக்கிறீங்களா?" அவள் துரைராசாவைப் பார்த்தாள். "இருக்காரு. எதுக்கத்தான் உக்காந்திருக்காரு. ரெண்டு நாளைக்கு எங்கயும் போக முடியாது."

ஸ்பீக்கரைத் தட்டினாள். ஒரு கூட்டத்தின் இரைச்சல் மேசை முழுக்கப் பரவியது. குழந்தை அழுவது கேட்டது. சத்தம் போடாதீங்க என்று ஒரு ஆண் குரல் அதட்டியது. பிறகு அமைதி. அம்மா தட்டுகளை ஒதுக்கி, போனை அவருக்கு முன்னால் தள்ளிவிட்டாள். அவருடைய தட்டில் ஒரு துண்டு மீனையும் எடுத்து வைத்தாள்.

"சாப்புட்டுக்கிட்டே சொல்லலாம் ஐயா," என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."